எல்லோருக்கும் முதுகு வலி

1

காலை மணி பத்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது செருப்புகள். சூரமங்கலத்தில், ஜங்ஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் பிசியோதெரபி கிளினிக்கின் வாசற்படியில் பதினேழு ஜோடி. எண்ணிப் பார்ப்பது பழைய வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். பதினேழில் பன்னிரண்டு பெண்களுடையவை. ஆனால் கதவுக்கு மேலிருந்த பலகையில் முழங்கால், தோள்பட்டை, கழுத்து, பக்கவாதம் என்றுதான் பெரிய எழுத்தில் இருந்தது. ‘பெண்கள் நலம்’ என்பது கடைசி வரி. தொலைபேசி எண்ணைவிடச் சிறிய எழுத்து.

நான் ஜெர்மனிக்குப் போய் இந்த ஜூலையோடு பதினாறு வருடம் முடிந்தது. அதற்கு முன் சேலத்தில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். இப்போது ஸ்டுட்கார்ட்டில் ஓர் அச்சகத்தில், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களைப் பிழை பார்க்கிறேன். அங்கே பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஆறு வாரம். அந்த ஆறு வாரத்துக்கு மகள் அனிதாவுடன் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். கிளினிக்குக்கு வந்தது அக்காவுக்காக; தங்கை நான் துணை.

அக்காவின் பெயர் பிலோமினா. வயது நாற்பத்தொன்பது. கன்னியர் நடத்தும் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக யூ.கே.ஜி. டீச்சர். இரண்டு பிள்ளைகள், இருவரும் கோயம்புத்தூரில் படிக்கிறார்கள்.

மேசையில் இருந்த பெண் ஒரு பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். பெயர், வயது, ஊர், தொந்தரவு. அக்கா கடைசிக் கட்டத்தில் ‘முதுகு வலி’ என்று எழுதினாள்.

“உனக்கு முதுகு வலிக்கவே இல்லையே,” என்றேன் மெதுவாக.

“மேல பாரு,” என்றாள்.

பார்த்தேன். அன்று வந்திருந்த பன்னிரண்டு பெண்களில் ஒன்பது பேருக்கு முதுகு வலி. ஜலகண்டாபுரத்திலிருந்து ஒருவர், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து இருவர், மற்றவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். மேசைப் பெண் தலையைத் தூக்காமல் கேட்டாள்: “முன் ரூமுங்களா, பின் ரூமுங்களா?”

“பின்,” என்றாள் அக்கா.

பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி விழுந்தது. ஒன்பதில் ஏழு பேருக்கு அந்தப் புள்ளி இருந்தது.

2

அதற்கு ஐந்து நாள் முன்பு, ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது தொடங்கியது இது. அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், ரயில்வேயில் டெக்னீஷியன். தன் மேலதிகாரிகளைப் போலப் பேசிக்காட்டுவதில் கெட்டிக்காரர். அன்றும் பேசிக்காட்டினார். எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு, கையில் சோற்றோடு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“உங்க அக்கா நாலு வருஷமா இப்படித்தான் ஜோஸ்,” என்றார் மாமா என்னிடம். “சிரிச்சா குத்தம். பூசைக்கும் வர்றதில்ல. ஃபாதரே கேட்டுட்டாரு, டீச்சருக்கு நம்ம மேல என்ன கோபம்னு.”

அனிதாவுக்குப் பதினான்கு வயது. ஜெர்மனியில் பிறந்தவள். தமிழ் புரியும். பேசும்போது, கற்களுக்கு நடுவே பருப்பைப் பொறுக்குவதுபோல ஒவ்வொரு சொல்லாக எடுப்பாள். அப்படித்தான் அன்றும் எடுத்தாள்.

“பெரியப்பா, பெரியம்மாக்கு கோபம் இல்ல. மூத்திரம் கசியுது. சிரிச்சா வரும். அதான் சிரிக்கல.”

மாமா அப்போது ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிக்கொண்டே இருந்தார். தட்டு நிறைந்து மேசைக்கு வழிந்த பிறகுதான் கரண்டியை வைத்தார்.

“ஸ்கூல்ல படிச்சோம்,” என்று அனிதா தொடர்ந்தாள். “பேபி பெத்தவங்க நிறைய பேருக்கு வரும். எக்சர்சைஸ் இருக்கு.”

நான் அவளை ஜெர்மன் மொழியில் அதட்டினேன். மற்றவர்களுக்குப் புரியக்கூடாது என்று தோன்றியது. எல்லோருக்கும் புரிகிற தமிழில் அவள் சொல்லி முடித்திருந்தாள் என்பது அப்போது உறைக்கவில்லை.

சமையலறையில் அக்காவிடம் கேட்டேன். உண்மைதான். சிரித்தால், தும்மினால், பிள்ளைகளைத் தூக்கினால், கோயிலில் முழங்காலிட்டு எழுந்தால் கசிந்துவிடும். பள்ளிக்கு எடுத்துப்போகும் பையில் மாற்றுச் சேலை ஒன்று எப்போதும் இருக்கிறது. இத்தனைக்கும் நாங்கள் இருவரும் பதினாறு வருடமாக வாரம் தவறாமல் தொலைபேசியில் பேசுகிறவர்கள்.

புதன்கிழமை ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். பரிசோதித்துவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்: “கர்ப்பப்பை கொஞ்சம் இறங்கியிருக்கு. மோசமில்ல. மூணு மாசம் பிசியோ பாருங்க. அக்டோபர் கடைசியில வந்து காட்டுங்க. முன்னேற்றம் இல்லேன்னா ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிடலாம்.”

ஆபரேஷன் என்ற சொல்லுக்கு அக்காவின் கை என் கையைப் பிடித்தது. எங்கள் அம்மா, எல்லோரும் சின்ன ஆபரேஷன் என்று சொன்ன ஒன்றுக்காக மருத்துவமனைக்குப் போய், வீடு திரும்பாதவர். அப்போது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினாறு. மருத்துவருக்கு இது தெரியாது. அக்கா சொல்லவில்லை.

3

பின் அறையில் ஒரு கட்டில், திரை, இடுப்பெலும்பின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று. ஜன்னலோரம் எஃப்.எம். ரேடியோ நடுத்தரச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே பேசுவது முன் அறைக்குக் கேட்காமலிருக்க அந்த ஏற்பாடு. முன் அறையில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களின் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கோமதியின் கணவர். பின் அறை கோமதியுடையது. திருச்செங்கோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், நாற்பதுக்குள் இருக்கும். ரேடியோவை மீறிக் குரலை உயர்த்தாமல் பேசத் தெரிந்தவர்.

“சொல்லுங்க டீச்சர். இங்க முதுகப் பத்திப் பேச வேண்டாமுங்க.”

அக்கா பேச ஆரம்பித்தாள். இருபத்தைந்து நிமிடம் பேசினாள். கோமதி இடையில் கேட்டதெல்லாம் எண்ணிக்கைதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை துணி, இருமலுக்கா தும்மலுக்கா. அழக்கூட இடம் கொடுக்காத கேள்விகள். அது அக்காவுக்கு வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

“சுருக்குப் பை பாத்திருக்கீங்கல்ல? நாடாவ இழுத்தா வாய் மூடும், பையும் மேல ஏறும். அதே மாதிரிதானுங்க. கீழ மூடோணும், மேல தூக்கோணும். அஞ்சு எண்ணுற வரைக்கும் புடிங்க. அப்பறம் உட்டுட்டுப் பத்து எண்ணுங்க. இப்படிப் பத்து தடவ. நாளைக்கு மூணு வேள. ஊட்டுல, ஸ்கூல்ல, பஸ்ஸுல, எங்க வேணா பண்ணலாமுங்க. ஒருத்தருக்கும் தெரியாது.”

அக்கா கண்ணை மூடிச் செய்து பார்த்தாள். நாலாவது முறையில் கோமதி, “ஆமாங்க, இதேதானுங்க,” என்றார்.

எனக்கு வேறோர் அறை நினைவுக்கு வந்தது. அனிதா பிறந்து எட்டு வாரம் கழித்து, ஜெர்மனியில் மருத்துவக் காப்பீட்டின் பேரில் இதே பயிற்சிக்கு எனக்கும் பத்து வகுப்புகள் கிடைத்தன. பிள்ளை பெற்ற எல்லோருக்கும் கிடைப்பதுதான். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து என்று வந்துவிட்டால் அது அரசு ஆணை என்று நினைக்கிற காலம் அது. போகாவிட்டால் விசாவுக்குச் சிக்கல் வரும் என்று பயந்து பத்துக்கும் போனேன். பயிற்சி தந்த பெண்மணி பேசிய ஜெர்மனில் ‘தரை’ என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. குனிந்து தரையைப் பார்த்தேன். சுற்றிலும் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நானும் மூடிக்கொண்டேன். நாலாவது வகுப்பில்தான், இடுப்பின் அடித்தளத் தசையை அவர் ‘தரை’ என்கிறார் என்று புரிந்தது.

அந்த வாரங்களிலும் அக்காவோடு பேசினேன். பனியைப் பற்றி, தள்ளுவண்டியைப் பற்றி, குழந்தைக்குப் பெயர் பதிந்த அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டதைப் பற்றி. இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. இதற்கான தமிழை நான் யாரிடமும் பேசியதில்லை, கேட்டதும் இல்லை. ஆறு வருடம் பத்திரிகையில் இருந்தும் ஒரு முறைகூட அச்சில் பார்த்ததில்லை.

4

நாலாவது வாரம் அக்காவுக்கு மோசமானது. சாயங்காலம் ஆனால் அடிவயிற்றில் ஒரு கனம். பள்ளியிலிருந்து வீடு வருவதற்குள் இரண்டு முறை நனைந்துவிடுகிறது. முன்பு ஒரு முறைதான்.

“எனக்கு இது விதிக்கல ஜோஸ். ஆபரேஷனுக்கே தேதி கேட்டுடறேன். அக்டோபர் வரைக்கும் எதுக்கு?” என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. இரவு முழுக்க யோசித்து முடித்துவிட்டவர்களின் குரல்.

சொல்லிவிட்டாவது வருவோம் என்று கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கோமதி எல்லாவற்றையும் கேட்டார்.

“பயிற்சி விட்டுப் போச்சுங்களா?”

“ஒரு வேளைகூட விடல.”

“அப்ப ஊட்டுல எப்படிப் பண்றீங்களோ அப்படியே பண்ணிக் காட்டுங்க பாக்கலாம்.”

அக்கா கட்டிலில் படுத்தாள். “என் பையை எடு,” என்றாள் என்னிடம். எடுத்துக் கொடுத்தேன். உள்ளேயிருந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

கோமதி என்னைப் பார்த்தார். பிறகு தயக்கத்தோடு, “ஏனுங்க டீச்சர், சாமி கும்பிடறது அப்பறம் வச்சுக்கலாமுங்களே,” என்றார்.

“எண்ணுறதுக்குங்க. நீங்க பத்துன்னீங்களே. ஒரு இறுக்கலுக்கு ஒரு மணி. ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடிக்கிற வரைக்கும் பிடிப்பேன்.”

கோமதி செல்போனில் நேரம் வைத்தார். ஒரு ஜெபம் பதின்மூன்று விநாடி ஓடியது. அடுத்த மணிக்கு அக்காவின் விரல் உடனே நகர்ந்தது.

“நடுவுல உடறதில்லீங்களா? பத்து எண்ணச் சொன்னேனே?”

“பத்து மணி முடிஞ்சு, பிதாவுக்கும் சுதனுக்கும் சொல்றப்ப விடுவேன்.”

“சரிங்க. இந்த மாலையில எத்தன மணிங்க?”

“அம்பத்து மூணு.”

“பத்துல நிறுத்திடறீங்கல்ல?”

“ஜெபமாலையை யாராவது பத்துல நிறுத்துவாங்களா?” அக்கா வகுப்பில் கேட்பதுபோலவே கேட்டாள்.

“மூணு வேளையுமுங்களா?”

“நீங்கதானே மூணு வேளைன்னீங்க? எனக்கு அதுவே தோதாப் போச்சு. காலையில சந்தோஷ தேவ ரகசியம், மத்தியானம் துக்கம், சாயங்காலம் மகிமை.”

கோமதி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மனதுக்குள் பெருக்கினார் போலிருக்கிறது, உதடு அசைந்தது.

“நூற்று ஐம்பத்தொன்பது,” என்றேன் நான்.

“நாஞ் சொன்னது முப்பதுங்க.”

முதலில் வாயைப் பொத்தினார். பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. “என்ற பதினோரு வருசத்துல பயிற்சி பண்ணாதவங்களத்தானுங்க பாத்திருக்கேன். வாரத்துல ஒருக்கா பண்ணிப்போட்டு, தெனமும் பண்ணுனேன்னு அடிச்சுச் சொல்லுவாங்க. இப்படி ஒருத்தர இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்.”

அக்கா சிரிக்கவில்லை. “அப்ப இன்னும் இறங்கிடுச்சா?” என்றாள்.

கோமதியின் சிரிப்பு நின்றது. கையுறையை எடுத்துக்கொண்டு திரையை இழுத்தார். நான் வெளியே நின்றேன். ரேடியோவில் ஒரு நகைக்கடை விளம்பரம் முழுவதும் ஓடி முடிந்தது. அடுத்து ஒரு சிமெண்ட் விளம்பரம்.

“எறங்கலீங்க டீச்சர். மொத நாளு இருந்த எடத்துலயேதான் இருக்குது,” என்று உள்ளே குரல் கேட்டது. “ஒண்ணும் கெட்டுப்போகல. தசை களைச்சுப் போச்சு, அவ்ளோதானுங்க. காத்தால இருந்து மூட்டை தூக்கினவங்கிட்டச் சாயங்காலம் ஒரு கொடம் தண்ணி தூக்குன்னா தூக்குவானுங்களா? மூணு நாளைக்கு ஒண்ணும் பண்ணாதீங்க. அப்பறம் வேளைக்குப் பத்து மட்டும்.”

திரை விலகியபோது அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. ஆனால் வேறொரு கவலை வந்துவிட்டது.

“பத்தோட நிறுத்தினா, ஜெபத்தைப் பாதியில விட்ட மாதிரி ஆகாதா?”

கோமதி இதை ஒரு மருத்துவக் கேள்வியைப் போலவே யோசித்தார். “மிச்ச நாப்பத்து மூணையும் இறுக்காமச் சொல்லுங்க. அது சாமிக்குங்க. இந்தப் பத்து மட்டும் எனக்குக் குடுங்க.”

பதின்மூன்று விநாடியைக் குறைக்கும் வழியை அக்காவே சொன்னாள். வீட்டில் சேர்ந்து ஜெபமாலை சொல்லும்போது ஒருவர் ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்வார், மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லி முடிப்பார்கள். முதல் பாதிக்கு இறுக்கினால் போதுமே.

“பதில் சொல்றப்ப உட்டுடுங்க,” என்றார் கோமதி. “ஆனா பதில் சொல்றவங்க மெதுவாச் சொல்லோணும். அங்கதான் பத்து எண்ணுற நேரம் வேணும்.”

“பதில் சொல்ல வீட்ல அவர் ஒருத்தர்தான் இருக்காரு,” என்றாள் அக்கா. அனிதா சாப்பாட்டு மேசையில் சொன்னதிலிருந்து மாமா அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அக்காவும் எடுக்கவில்லை. ஒரே வீட்டில் நாலு வாரம்.

அன்று சாயங்காலம் அக்கா எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நானும் அனிதாவும் கடைக்குப் போய்விட்டோம், வேண்டுமென்றே. திரும்பி வந்தபோது மாமா தன் பழைய ஜெபமாலையை மேசை இழுப்பறையில் தேடிக்கொண்டிருந்தார்.

“மெதுவாச் சொல்லணுமாம் ஜோஸ்,” என்றார். “நான் ரயில்வேக்காரன். லேட் பண்றது எனக்குப் புதுசா?”

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்தபின் ஒரு விநாடி அசையாமல் நின்றாள். பிறகு அனிதாவைப் பார்த்துத் தலையாட்டினாள். இல்லை என்ற அர்த்தத்தில்.

“சூப்பர்,” என்றாள் அனிதா.

5

ஸ்டுட்கார்ட்டில் என் காலை ஐந்து ஐம்பதுக்குத் தொடங்குகிறது. ஏழு முப்பத்தைந்து ரயில். அச்சகத்தில் மூன்று மொழித் தாள்கள் முன்னால் விரிந்திருக்கும். ஒரு வேளைக்கு எத்தனை மாத்திரை, நாளைக்கு எத்தனை வேளை என்ற வரிக்கு வரும்போது இப்போதெல்லாம் கூடுதலாக ஒரு முறை படிக்கிறேன். சொல்கிறவர் தெளிவாகத்தான் சொல்கிறார். கேட்கிறவரிடம் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது, அதில் போய் அது உட்கார்ந்துகொள்கிறது. பதினான்கு வருடத்துக்கு முன் அந்தக் கையெழுத்துத் தாளை விசாவோடு சேர்த்து முடிச்சுப் போட்டவள் நான். அக்காவைச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது.

அனிதா கோயிலுக்கு வருவதை நிறுத்தி இரண்டு வருடம். வீட்டில் நான் தமிழில் கேட்பதற்கு ஜெர்மனில் பதில் வரும். ஊருக்குத் தொலைபேசினால் ‘ஹலோ, நல்லா இருக்கேன்’ என்பதோடு நழுவிவிடுவாள். இதை வருத்தமாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் அவள் செல்போனில் பெரியம்மாவோடு நடத்தும் உரையாடலைக் காட்டினாள். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள். தினமும் ஒரே கேள்வி: ‘இன்னைக்கு எத்தனை?’ தினமும் ஒரே மாதிரிப் பதில், வெறும் எண்.

செப்டம்பர் நடுவில் இரண்டு. கடைசியில் ஒன்று. அக்டோபர் முதல் வாரம் ஒரு நாள் மூன்று, பக்கத்தில் ‘சளி’ என்று விளக்கம். அப்புறம் பூஜ்யங்கள் வரத் தொடங்கின.

நான் தொலைபேசியில் அக்காவிடம் எண்ணைக் கேட்கவில்லை. அவர்கள் இருவருக்கும் இடையில் இருப்பது அது. அக்கா என்னிடம் சொன்னது மற்றவை. ஞாயிறு பூசைக்குப் போனது. முழங்காலிட்டு எழுந்தது. ஃபாதர் வாசலில் நிறுத்தி, கோபம் தீர்ந்ததா டீச்சர் என்று கேட்டது.

“என்ன சொன்ன?”

“முதுகு வலி ஃபாதர், இப்ப தேவலைன்னேன்.”

“இன்னுமா முதுகு வலி?”

“வேற என்னடி சொல்லச் சொல்ற ஃபாதர்கிட்ட?” என்றவள், “ஆனா ஸ்டாஃப் ரூம்ல சொல்லிட்டேன்,” என்றாள். “நிஜமான பேரச் சொல்லியே சொன்னேன். ஆறு டீச்சர்ல மூணு பேர் கதவைச் சாத்திட்டு வந்து கேட்டாங்க, அந்த கிளினிக் எங்க இருக்குன்னு.”

6

மருத்துவர் பார்க்கச் சொன்ன நாள் ஒரு வியாழக்கிழமை. மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனார். அக்காவுக்கு முந்தின இரவு தூக்கமில்லை என்று மாமா குரல் செய்தி அனுப்பியிருந்தார். எண்கள் எல்லாம் சரியாக இருக்கலாம். உள்ளே பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அம்மா விஷயத்தைக் கோமதியிடம் மட்டும் சொன்னதாக அக்கா முந்தின வாரம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். கோமதி அதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பயிற்சிக் குறிப்புகளோடு அதுவும் ஒரு வரி.

இங்கே காலை ஏழு ஐம்பது. சேலத்தில் பதினொன்று இருபது. நான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். அழைப்பு வந்தது.

“ஜோஸ்.”

“சொல்லு.”

“ரொம்ப நேரம் பாத்தாங்க. அம்மாவைப் பத்தி எழுதினதையும் படிச்சாங்க. முன்னாடியே சொல்லியிருக்கலாமே பிலோமினான்னாங்க.” மூச்சு வாங்குவது கேட்டது. படி இறங்கிக்கொண்டிருந்தாள் போல. “இறக்கம் கொஞ்சம் மேல ஏறியிருக்காம். தசை நல்லாப் பிடிக்குதாம். இதே பயிற்சியை விடாமப் பண்ணச் சொன்னாங்க. ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதுமாம்.”

பின்னாலிருந்து மாமாவின் குரல்: “என்னையும் விடாமச் சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லு!”

“அவங்க அப்படிச் சொல்லல,” என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டே சொன்னாள். “வைக்கிறேன்டி. சீட்டை அனிதாவுக்கு அனுப்பறேன், அவ கேட்டா.”

நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி இரண்டு நிலையம் போயிருந்தேன். எதிர்ப்பக்க நடைமேடையில் அடுத்த ரயிலுக்காக உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் வேலைக்குத் தாமதமான நாட்களை விரல் விட்டு எண்ணலாம். அன்று அவசரப்படத் தோன்றவில்லை.

எட்டேகாலுக்கு அனிதா பள்ளியிலிருந்து படத்தை எனக்கும் அனுப்பினாள். மருத்துவரின் சீட்டு. மேலே பெயர், வயது. நடுவில் ஆங்கிலத்தில் நாலு வரி. அடியில் ‘அறுவைச் சிகிச்சை தேதி’ என்று அச்சடித்திருந்தது. அதற்கு எதிரே மருத்துவர் ஒரு கோடு போட்டிருந்தார்.